யாருடைய சங்கு? முத்துக்குளித்துறையில் 'களவு' என்னும் சொல்

களவு என்பது தனித்து நிற்கும் சொல்லன்று. 'யாருடையது?' என்ற வினாவுக்கு முதலில் விடை கிடைத்தாலொழிய, ஒருவன் ஒன்றை எடுத்தான் என்பது வெறும் செய்தியே, குற்றமன்று. ஸ்ரீவைஷ்ணவ வியாக்கியான மரபு இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. களவுகளில் தலையாயதாகப் பூர்வாசாரியர்கள் காட்டுவது ஆத்மாபஹாரம். எம்பெருமானுக்கு உரியதான ஆத்மாவைத் தன்னது என்று ஒருவன் கொள்வதே அது. அங்கே திருடுகிறவனும் திருடப்படும் பொருளும் ஒன்றே. கை நீளவில்லை, பொருள் இடம் பெயரவில்லை. ஆயினும் அது களவாயிற்று. சேஷ-சேஷி பாவம் முன்னரே நிலைநாட்டப்பட்டிருப்பதே காரணம். உடையவன் யார் என்று தெளிந்த பின்னரே 'அபஹாரம்' என்ற சொல் அங்கே பொருள் பெறுகிறது.

சட்டமும் வழக்கமும் மீறப்படுவதை ஆராய்கின்றவர்கள் பெரும்பாலும் மீறியவனையே உற்றுப் பார்க்கின்றனர். மீறப்பட்ட விதி எந்த உடைமையின்மேல் நிற்கிறது என்று பார்ப்பவர் குறைவு. தென்பாண்டிக் கடற்கரையின் சங்கு குளிப்பு வரலாறு அந்தக் குறையை நன்கு காட்டுவது. அங்கே பல நூற்றாண்டுகள் கடலடியிலிருந்து சங்கெடுத்து வாழ்ந்தவர்கள், தொழிலில் எந்த மாற்றமும் செய்யாமலே, சட்டத்தின் கண்ணில் களவாளிகள் ஆகக்கூடிய நிலை ஏற்பட்டது.

தூத்துக்குடி நகரின் வடபால் அமைந்தது திரேஸ்புரம். வள்ளமும் நாட்டுப்படகும் கரையேறும் இடம். மீன் ஏலத்துக்கு இணையாகச் சங்கும் இறங்கும் துறை. முத்தென்றால் உலகறியும்; சங்கைப் பற்றிப் பேச்சுக் குறைவு. ஆனால் குளியாளியின் வயிற்றுப்பாட்டைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. முத்துக்குளிப்பு எப்போதோ நிகழ்வது. சிப்பி விளையாத ஆண்டுகளே மிகுதி. மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையில் 1961-க்குப் பிறகு அரசு முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. சங்கோ ஆண்டுதோறும் கிடைப்பது. முத்துச்சிப்பி பாறைத்தளமான பார்களில் ஒட்டி வாழும். சங்கு, புழுக்கள் நிறைந்த மென்மணற் படுகையில் ஊர்ந்து இரை தேடும். பத்து முதல் இருபது மீட்டர் வரையிலான ஆழத்தில், மூச்சை அடக்கி, மணலில் பாதி புதைந்த ஓட்டைக் கண்ணால் தேடி எடுப்பதே தொழில். பரவரும் முஸ்லிம்களும் இத்தொழிலில் தேர்ந்தவர்கள். இவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று, டாக்காவின் சங்கறுப்போர் கையில் வளையாகி, மணமான மகளிரின் கைகளை அடைந்தது. வளையாகாத சிறந்த ஓடுகள் கோயில்களில் தீர்த்தம் கொள்ளவும் ஊதவும் பயன்பட்டன.

இக்கடல் யாருடையது என்ற வினாவுக்குக் காலந்தோறும் வேறு வேறு விடை கூறப்பட்டிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மொழிக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், கொற்கையின் முத்துக்குளிப்பு பாண்டியனுக்கு உரியதென்றும், அங்கே குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் கூறுகிறது. வெளிநாட்டு வணிகன் ஒருவனின் குறிப்பு அது. கொற்கைத் துறையின் முழு வழக்கத்தையும் அது சொல்லிவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஒன்று கவனத்துக்குரியது. குற்றம் செய்தவனைக் கடலுக்குள் இறக்கியது பழைய அரசு; கடலுக்குள் இறங்கியவனைக் குற்றவாளியாக்கியது பிந்தைய அரசு. இரண்டுக்கும் நடுவே, மதுரைக் காஞ்சி காட்டும் பாண்டிய நாட்டில், சங்கறுத்து வளை கடைபவர்கள் மாநகரின் கைவினைஞர்களில் ஒருவராக வைத்து எண்ணப்படுகின்றனர். கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்துள்ளமை அத்தொழிலின் பழமைக்குச் சான்று.

பதினாறாம் நூற்றாண்டில் உடைமை வினா கூர்மையாயிற்று. குளிப்பு உரிமை பற்றிய பூசலில் நெருக்குண்ட பரவர்கள் 1530-களின் நடுவில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். சமய மாற்றமாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ள இந்நிகழ்ச்சியின் அடியில் கிடப்பது கடற்படுகையின் உடைமை. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபோது முத்தும் சங்கும் அவர்கள் கைக்கு மாறின. பின்னர் ஆங்கிலேயர் கைக்கு. படுகை ஓர் அரசிடமிருந்து மற்றோர் அரசுக்குக் கைமாறிய ஒப்பந்தங்களில், மூச்சடக்கி இறங்குபவன் ஒரு தரப்பாக இருந்ததில்லை. அவனுடைய உழைப்பு மட்டும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் படுகையோடு சேர்ந்தே போயிற்று.

ஆங்கில ஆட்சியில் மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சங்கு அரசின் ஏகபோகம். குளியாளி எடுத்த சங்கு அனைத்தையும் அரசிடமே ஒப்படைத்துக் கூலி பெறவேண்டும், வேறெவருக்கும் விற்கலாகாது. இலட்சத்தில் ஒன்றாய்க் கிடைக்கும் வலம்புரியும் இதற்கு விலக்கன்று. இதனோடு இன்னொரு விதியும் இருந்தது: இரண்டே கால் அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த குறுக்களவுடைய சங்குகளை ஏற்காமல் உயிரோடு கடலில் திரும்ப விடவேண்டும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி 1914-இல் வெளியிட்ட நூல் இத்தொழிலின் நடைமுறைகளை விரிவாகப் பதிந்துள்ளது.

இவ்விரு விதிகளும் ஒரே ஆணையின் கீழ் வழங்கியவை. ஆனால் இயல்பால் அவை ஒன்றல்ல. குஞ்சுச் சங்கைத் திரும்பக் கடலில் விடச் சொல்லும் விதி, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குளியாளியே இறங்கப்போகும் படுகையைக் காப்பது. அதன் காரணத்தை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எடுத்தவற்றையெல்லாம் ஒரே வாங்குவோனிடம் அவன் வைத்த விலைக்கே கொடு என்னும் விதியோ படுகையைக் காப்பதன்று; வாங்குவோனின் வருவாயைக் காப்பது. முதல் விதியை மீறுபவன் கடலுக்கும் தன் மக்களுக்கும் தீங்கு செய்கிறான். இரண்டாவதை மீறுபவன் செய்வது என்ன? ஒரு வலம்புரியை இடுப்பில் மறைத்துக்கொண்டு கரையேறியவன் யாருடையதைக் கவர்ந்தான்? இரண்டு மீறல்களுக்கும் ஒரே பெயரிட்டு வழங்கியதே இவ்வரலாற்றின் பெரும் பிழை என்று கூறலாம். ஏனெனில் அவ்வாறு ஒரே பெயரிடும்போது, நியாயமான விதியும் ஏகபோகத்தின் நிறத்தைப் பெற்று மக்கள் மனத்தில் மதிப்பிழக்கிறது.

அப்பெயர் சட்டப்படி நிலைபெற்றது இராமேசுவரத்துக்கு அப்பால், பாக் விரிகுடாவில் எழுந்த ஒரு வழக்கில். அப்பக்கத்துச் சங்குப் படுகைகள் இராமநாதபுரம் ஜமீனின் உரிமையில் இருந்து குத்தகைக்கு விடப்பட்டவை. அங்கே சங்கெடுத்தவர்கள்மீது களவுக் குற்றம் சாட்டப்பட்டு, 1903-இல் அது சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 'அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்' என்று சட்ட அறிக்கையின் சென்னை வரிசை 27-ஆம் தொகுதியில் அது இடம்பெற்றிருக்கிறது. வழக்கின் பெயரிலேயே ஒருவர் 'பிள்ளை'யாகவும் மற்றவர் 'பயல்' ஆகவும் நிற்பது, உரைகாரர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் தனிப் பதவுரை பெற்றிருக்கும்.

இந்திய தண்டனைச் சட்டம் (1860) 378-ஆம் பிரிவில் களவை வரையறுத்தது. அப்பிரிவின் அமைப்பே வியாக்கியானம் பயின்றவர்க்குப் பழகிய ஒன்று: முதலில் சூத்திரம் போன்ற ஒரு வாக்கியம், அதன்பின் ஐந்து விளக்கங்கள், அதன்பின் பதினாறு எடுத்துக்காட்டுகள். சூத்திரத்தின் சாரம், ஒருவருடைய கைவசத்திலுள்ள அசையும் பொருளை, அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்கும்பொருட்டு அதை நகர்த்துதல் என்பது. நெடுஞ்சாலையில் எவர் கைவசமும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுத்தல் களவாகாது, வேறு குற்றமாகலாம் என்பது எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. பிறருடைய பொருளைத் தன்னுடையதென்றே நல்லெண்ணத்தோடு நம்பி எடுத்தவன் களவு செய்தவனாகான் என்பது இறுதி எடுத்துக்காட்டு. ஆக, செயலை மட்டும் பார்த்துக் களவென்று சொல்ல இச்சட்டமும் இடந்தரவில்லை. பொருள் ஒருவர் பிடியில் இருக்க வேண்டும். எடுத்தவன் உள்ளத்தில் கோட்டமும் இருக்க வேண்டும்.

கடலில் திரியும் மீன் பிடிபடும்வரை யாருடையதும் அன்று என்பது பழைய சட்ட நெறி. அந்நெறி சங்குக்கும் பொருந்துமாயின், படுகையிலிருந்து எடுத்தவன் சாலையில் கிடந்த மோதிரத்தை எடுத்தவனாவான். எனவே நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்தது இரண்டு: அந்தக் கடற்பரப்பு அரசின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பைப் போன்றதா? அங்கே கிடக்கும் சங்கு ஒருவர் கைவசத்திலுள்ள பொருளாகுமா? இரண்டுக்கும் ஆம் என்பதே தீர்ப்பு. பாக் விரிகுடா பெரும்பகுதி நிலத்தால் சூழப்பட்டது, பொதுக் கடலன்று, அதனை அடுத்த இந்திய, இலங்கை மாவட்டங்களின் மக்கள் பல நூற்றாண்டுகளாக அதனைத் தம் அனுபவத்தில் வைத்திருந்திருக்கின்றனர், ஆகவே அது மன்னரின் ஆட்சிப்பரப்பு என்று நீதிபதிகள் கண்டனர். கடல்சார் பன்னாட்டுச் சட்ட நூல்கள் இன்றும் இத்தீர்ப்பை எடுத்தாளுகின்றன. 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற கோட்பாட்டுக்கு அது ஒரு முன்னோடி.

அந்நூல்கள் நின்று நோக்காத ஓரிடம் இத்தீர்ப்பின் நடுவிலேயே இருக்கிறது. கடலை ஆட்சிப்பரப்பாக்கிய சான்று எது? மக்களின் நெடுநாள் அனுபவம். எந்த மக்கள்? படகேறிச் சென்று மீன் பிடித்தவர்களும், மூச்சடக்கிச் சங்கெடுத்தவர்களுமே. தீர்ப்பெழுதியவர்களோ குத்தகை எடுத்தவர்களோ அப்படுகையை ஒருநாளும் கையால் தொட்டவர்களல்லர். முன்னோர் குளித்த குளிப்பே கடலை மன்னருடையதாக்கிற்று. மன்னருடையதாகிவிட்டமையால் பேரர் குளித்த குளிப்பு களவாகும் வழி பிறந்தது. தர்க்கத்தில் குறை காண முடியாத இவ்வழியில், அனுபவித்தவன் ஒருவன், அனுபவத்தின் பயன் மற்றொருவனுக்கு என்ற பிளவு ஓசையின்றி நுழைந்துவிட்டது.

உடையவன் யார் என்று முதலில் கேட்டு, களவை அதன்பின் தீர்த்த முறை சரியானதே. வியாக்கியான மரபும் அவ்வரிசையையே கொள்ளும். வேறுபாடு, அக்கேள்வியை எவ்வளவு ஆழம்வரை கேட்பது என்பதில். ஆத்மாபஹாரத்துக்கு மேற்கோளாக ஆசாரியர்கள் எடுத்தாளும் சுலோகம் மகாபாரதத்தில் சகுந்தலையின் வாயில் வருவது. தான் ஒருவிதமாக இருக்க, வேறுவிதமாகத் தன்னைக் காட்டிக்கொள்பவன், ஆத்மாவையே திருடிய கள்ளன்; அவன் செய்யாத பாவம் ஏது என்பது அதன் கருத்து. சொல்லப்பட்டது அரசனை நோக்கி. சொன்னவள், மகனோடு அரசவையில் நின்ற, சாட்சியற்ற பெண். அவள் காட்டில் நடந்த மணத்தை அவன் மறுத்தான்; அவை வழக்கத்தை மீறியவள் அவள் என்றே அங்கிருந்தோர் எண்ணியிருப்பர். அவளோ களவு என்ற சொல்லைத் திருப்பி அரசன்மேல் வைத்தாள். அச்சுலோகம் பிற்காலத்தில் தத்துவப் பொருளில் ஆளப்பட்டபோது இந்தச் சூழல் மறக்கப்பட்டது. நினைவிற் கொள்ளத் தக்க சூழல் அது. முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசாரியர் திருமந்திரத்தின் 'நம' பதத்தை விரித்து, 'எனக்கு' என்னும் பற்றே அறுக்கப்பட வேண்டியது என்று காட்டுவதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. களவு அங்கே கையில் இல்லை. 'மம' என்ற சொல்லில் இருக்கிறது. அளவுகோல் இதுவானால், படுகைமேல் முதலில் 'என்னது' என்று சொன்னவர் யார் என்ற வினா குளியாளியோடு நிற்காமல் குத்தகைக்காரர், ஜமீன், கம்பெனி, முடி எனத் திரும்பிச் செல்லும்.

இவ்விடத்தில் மரபுக்குள்ளேயே உள்ள ஒரு தொல்லையையும் மறைக்கலாகாது. கண்ணன் வெண்ணெய் களவுகண்டு உரலோடு கட்டுண்டதை நினைந்து, திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்பது ஐதிகம். எல்லாவற்றுக்கும் உடையவன் எடுத்தால் அது களவாகுமா? ஆகாது; ஆயினும் வியாக்கியாதாக்கள் 'களவு' என்ற சொல்லைக் கைவிடவில்லை. உடையவன் தன் உடைமையுரிமையை மறைத்துக்கொண்டு, அகப்பட்டுக் கட்டுண்ணவும் இசைந்து நின்ற எளிமையே அவர்களுக்குப் பொருள். சங்கையே எடுத்துக்கொண்டாலும், சாந்தீபினியின் மகனைத் தேடிச் சென்ற கண்ணனிடம் சமுத்திரராஜன், பிள்ளையைக் கவர்ந்தவன் தானல்லன், சங்கு வடிவில் தன்னுள் வாழும் பஞ்சசனன் என்று கூறுவதாக விஷ்ணு புராணம் உரைக்கும். கவர்ந்தவன் யார் என்று கேட்டறிந்த பின்னரே பாஞ்சசன்னியம் கைக்கு வந்தது.

திருமங்கையாழ்வார் கதை இத்துணை எளிதன்று. ததீயாராதனத்துக்காக வழிப்பறி செய்தார். நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் படிமத்தைக் கவர்ந்து வந்து அரங்கன் திருமதிலுக்குச் செலவிட்டார் என்று குருபரம்பரை கூறும். வேடுபறி உற்சவம் திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாளில் ஆண்டுதோறும் நடக்கிறது. எல்லாம் எம்பெருமானுடையது, ஆகவே அவன் பணிக்கு எடுத்தல் களவன்று என்ற சமாதானம் இனிமையானதுதான். ஆனால் அது வலியவன் கையில் எளிதில் கருவியாகக்கூடியது. உலகம் முழுதும் தம் இறைவனுக்கு உரியது, அவன் பெயரால் அது தம் முடிக்கு உரியது என்று சொல்லிக்கொண்டே இக்கரையில் போர்த்துக்கீசியர் முத்துக்கு வரி வாங்கினர். கலியன் செயல் உற்சவமாகக் கொண்டாடப்பட்டதேயன்றி அடியார்க்கு விதியாக வைக்கப்படவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். வழிப்பறியின் முடிவில் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தவனின் நகை மூட்டை பெயராமல் நின்றதாகவே கதையும் முடிகிறது. எடுத்தவன் கைக்குப் பொருள் வசப்படவில்லை.

வழக்கத்தை மீறுதலுக்கு அருளிச்செயலிலேயே வேறொரு முகமும் உண்டு. பெண் மடலூர்தல் இல்லை என்பது தமிழ் அகப்பொருள் மரபு. பராங்குச நாயகி ஐந்தாம் பத்தில் மடலூர்வேன் என்கிறாள்; ஏழாம் பத்தில், தாயரும் தோழியரும் தடுக்கத் தடுக்கத் தென்திருப்பேரைக்குப் போகத் துணிகிறாள். தென்திருப்பேரை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் உள்ளது. அவ்வாறு கொற்கைக்கு அருகே கடல் சேர்வது. அவள் மீறலை ஒளித்துச் செய்யவில்லை. ஊரறியச் சொல்லியே செய்கிறாள்; அதுவே அதன் வலிமை. மறைத்துச் செய்யும் மீறல் விதியை உள்ளபடியே விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்புகிறது. இடுப்பில் ஒளிந்த வலம்புரி ஏகபோகத்தைக் கேள்வி கேட்கவில்லை என்பதையும் இதன்வழி ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் வெளிப்படச் சொல்லும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பது வேறு வினா.

ஜமீன்கள் ஒழிந்த பின் படுகைகள் அரசுக்காயின. சங்கின் ஏகபோகம் பிற்காலத்தில் தளர்ந்து தனியார் வாங்கும் நிலை வந்தது. இங்கேதான் இரண்டு விதிகளை ஒன்றாகக் கட்டியதன் விளைவு தெரிந்தது. கிடங்கில் அளவு பார்த்துச் சிறியதைக் கழிக்கும் கண் இல்லாதபோது, 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்குகளும் கரையேறத் தொடங்கின. ஏகபோகத்தோடு சேர்ந்து வந்த விதி ஏகபோகத்தோடேயே வலுவிழந்தது. அதற்கிடையில் 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீர்ப்பரப்பும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள நான்கு தீவுகள் அவற்றுள் அடங்கும். 2001-இல் கடலட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. இவை வருவாய்க்காக வந்த விதிகளல்ல. கடலுயிர் காக்க வந்தவை. ஆனால் கடலில் இறங்குபவனுக்கு இவையும் பழைய வாயிலிருந்தே, பழைய குரலிலேயே கேட்கின்றன.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. களவு அதில் 303-ஆம் பிரிவு. வரையறையும் விளக்கங்களும் பெரும்பாலும் பழையனவே. சாலையில் கிடக்கும் மோதிரம் பற்றிய எடுத்துக்காட்டும் அப்படியே இருக்கிறது. கடலடி மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைப் பற்றிய எடுத்துக்காட்டு 1860-இலும் இல்லை, இப்போதும் சேர்க்கப்படவில்லை.